கைப்பின்னல்

கைப்பின்னல் என்பது இரண்டு ஊசிகளையும் அறுபடாத ஒரே நூலையும் கொண்டு, கண்ணிக்குள் கண்ணியை இழுத்துத் துணி உருவாக்கும் கைத்தொழில் ஆகும். கம்பளிச் சட்டை (ஸ்வெட்டர்), மஃப்ளர், குரங்குக் குல்லா, காலுறை, கைக்குழந்தைகளுக்கான தொப்பி ஆகியன இம்முறையில் பின்னப்படுகின்றன. தறியோ மின்சாரமோ இதற்குத் தேவையில்லை. தமிழ்நாட்டின் சமவெளிகளில் கம்பளி ஆடைக்கு வேலை குறைவு என்பதால் இக்கலை அங்கு பரவலாக அறியப்படவில்லை. குளிர் மிகுந்த நீலகிரி மாவட்டத்தில் நிலைமை வேறு.

கற்கத் தொடங்குவோர் பலர் கையசைவுகளை மனப்பாடம் செய்கின்றனர். முதல் கண்ணி நழுவியதும், என்ன நேர்ந்தது என்று புரியாமல் ஊசியைக் கீழே வைத்துவிடுகின்றனர். கைப்பின்னலில் அறிந்துகொள்ள வேண்டிய அமைப்பு ஒன்றே ஒன்றுதான், அது கண்ணி. கண்ணியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்த அளவில் அடையாளம் காணப் பழகியவரால் தன் பிழையைத் தானே கண்டறிந்து திருத்த இயலும். கையசைவுகள் அதற்குப் பின் தாமாகவே படியும்.

சொற்கள்

தமிழில் பின்னுதல் என்ற சொல்லின் பரப்பு பெரிது. சடை, கூடை, வலை, கயிற்றுக் கட்டில் எல்லாம் பின்னப்படுபவையே. இக்கட்டுரையில் பின்னல் என்பது கண்ணிகளால் ஆன துணியை மட்டும் குறிக்கிறது. திருப்பூரில் வழங்கும் பின்னலாடை என்ற சொல்லும் இப்பொருளிலேயே அமைந்தது. கண்ணி என்பது வலையின் துளைக்கும் சங்கிலியின் வளையத்திற்கும் வழங்கும் பழைய சொல். இங்கும் அது பொருந்துகிறது. பின்னல் வகுப்புகளில் நிட், பர்ல் என்று கூறப்படும் இரு தையல்கள் இங்கு முறையே நேர்க்கண்ணி, மறுகண்ணி எனப்படுகின்றன. கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் பின்னல் நூல் கிடைக்கும். ஆனால் அவ்வாறு விற்கப்படுவது பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் செயற்கை இழையே அன்றி ஆட்டுக் கம்பளி அன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

நெசவும் பின்னலும்

நெய்த துணியில் பாவு நூல்கள் நீளவாக்கிலும் ஊடை நூல்கள் குறுக்காகவும் ஏறத்தாழ நேராக ஓடுகின்றன. ஆகவே வேட்டியோ சேலையோ இழுத்தால் அதிகம் நீள்வதில்லை. பின்னல் துணியில் நூல் நேராக ஓடுவதே இல்லை. வளைந்து வளைந்து செல்கிறது. துணியை இழுக்கும்போது இவ்வளைவுகள் விரிகின்றன, விட்டதும் சுருங்குகின்றன. குல்லா தலையைக் கவ்வுவதற்கும் காலுறை கணுக்காலில் நிற்பதற்கும் இதுவே காரணம்.

இதைக் காண ஊசி எதுவும் வேண்டாம். சாதாரணப் பருத்திப் பனியன் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தால் போதும். வெளிப்பக்கத்தில் சிறு சிறு அம்பு முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெடுக்காகக் கோடு கோடாக நிற்கும். உட்பக்கத்தைத் திருப்பினால் அம்பு முனைகள் மறைந்து, குறுக்காக அலை அலையான மேடுகள் தோன்றும். இரண்டும் ஒரே கண்ணிகள்தாம். முன்னால் இருந்து பார்த்தால் நேர்க்கண்ணி, பின்னால் இருந்து பார்த்தால் மறுகண்ணி. இதை மனத்தில் கொண்டால் இனி வரும் பகுதிகளில் கடினமானது என்று ஏதும் இராது.

நீலகிரியில் பின்னல்

நடுவட்டம், உதகமண்டலத்திலிருந்து பைக்காரா வழியாகக் கூடலூர் செல்லும் சாலையில், நீலகிரிப் பீடபூமியின் மேற்கு விளிம்பில் உள்ள பேரூராட்சி ஆகும். 1860களில் தொடங்கப்பட்ட அரசு சின்கோனாத் தோட்டங்களால் அறியப்பட்ட இவ்வூரைச் சுற்றி இன்று தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. மேற்கு விளிம்பில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை நேராக இங்கு மோதுகிறது. டிசம்பர், சனவரி மாதங்களில் உதகையில் விழும் உறைபனியின் குளிர் உலர்ந்த குளிர். சூன் முதல் ஆகத்து வரை நடுவட்டத்தில் நிலவுவதோ மழையும் மூடுபனியும் காற்றும் கலந்த ஈரக் குளிர். கொழுந்து பறிப்பவர் இந்த ஈரத்தில் நாள் முழுவதும் நிற்க வேண்டியுள்ளது.

ஈரக் குளிருக்கு எந்த நூல் பொருந்தும் என்பது வெறும் விருப்பம் சார்ந்த செய்தி அன்று. ஆட்டுக் கம்பளி தன் உலர் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழைக்குள் உறிஞ்சியும் தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது. உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடுகிறது. இழைகளின் இயற்கையான சுருளில் காற்று அடைபட்டு நிற்பதால் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. அக்ரிலிக் இழை ஓரிரு விழுக்காட்டுக்கு மேல் ஈரத்தை ஏற்பதில்லை. விலை குறைவு, துவைப்பது எளிது, பூச்சி அரிக்காது என்பன அதன் நன்மைகள். பள்ளிப் பிள்ளைகளின் அன்றாடச் சட்டைக்கு அக்ரிலிக் போதுமானது. மழையில் வேலை செய்பவருக்குக் கம்பளியே ஏற்றது.

பின்னலுக்கான மூலப்பொருள், கருவி ஆகிய இரண்டும் நீலகிரியிலேயே உருவாகின்றன என்பது பலர் அறியாத செய்தி. நீலகிரி செம்மறியாடு, தென்னிந்தியாவில் ஆடை செய்யத்தக்க மென்கம்பளி தரும் ஆட்டினம் ஆகும். 19 ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்ப் பகுதி ஆடுகளுடன் டாஸ்மானிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய வெளிநாட்டு இனங்கள் கலந்து இவ்வினம் தோன்றியது. உதகைக்கும் பைக்காராவுக்கும் இடையே உள்ள சாண்டிநல்லாவில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தைப் பேணி வருகிறது. இங்கு மெரினோ, ராம்புயே இனங்களுடன் கலந்து உருவாக்கப்பட்ட ஆடு சாண்டினோ எனப்படுகிறது. மேய்ச்சல் நிலங்கள் சுருங்கியதாலும் கம்பளியைவிட இறைச்சிக்கே விலை கிடைப்பதாலும் நீலகிரி ஆட்டின் எண்ணிக்கை பெரிதும் குறைந்துவிட்டது. கம்பளியை வாங்கிப் பின்னுவோர் இல்லாத இடத்தில் கம்பளிக்காக ஆடு வளர்ப்போர் நிலைப்பது கடினம்.

ஊசி உருவாகும் இடம் கேத்தி. 1949 இல் நிறுவப்பட்ட நீடில் இண்டஸ்ட்ரீஸ் (இந்தியா) நிறுவனத்தின் தொழிற்சாலை கேத்தியில் உள்ளது. தையல் ஊசிகளுடன் பின்னல் ஊசிகளும் போனி என்ற வணிகப் பெயரில் இங்கு செய்யப்பட்டு வெளிநாடுகளுக்கும் அனுப்பப்படுகின்றன. இந்நிறுவனத்தின் பெயரைப் பின்னுவோரைவிடச் சட்டம் படிப்போரே நன்கு அறிவர். 1973 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விளைவாக வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கும்போது எழுந்த வழக்கில் 1981 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நிறுமச் சட்டப் பாடங்களில் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

நீலகிரியின் மிகப் புகழ்பெற்ற ஊசி வேலையான தோடர் பூத்தையல் வேறு வகையைச் சார்ந்தது. அதில் துணி முன்னரே நெய்யப்பட்டது. அதன் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமான நூலால் ஊசி செலுத்தி, பூத்துக்குளி என்னும் போர்வையில் வடிவங்கள் அமைக்கப்படுகின்றன. இதற்கு 2013 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பின்னலில் துணி முன்னரே இருப்பதில்லை. ஊசியின் மேலேயே பிறக்கிறது. எனினும் வரைபடம் இன்றி எண்ணிக்கையால் மட்டும் வடிவம் காண்பது இரண்டிற்கும் பொது.

ஊசியும் நூலும்

முதல் ஊசிக்கு 4 அல்லது 4.5 மி.மீ. விட்டம் ஏற்றது. இந்தியாவில் விற்கும் ஊசிகள் பலவற்றில் பழைய பிரித்தானிய எண்ணும் காணப்படும். இம்முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 8 ஆம் எண் 4 மி.மீ., 10 ஆம் எண் 3.25 மி.மீ., 14 ஆம் எண் 2 மி.மீ. அமெரிக்க எண் முறை இதற்கு நேர்மாறானது. அங்கு 8 ஆம் எண் என்பது 5 மி.மீ. எனவே எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைப் பார்ப்பதே பாதுகாப்பானது. மூங்கில் அல்லது மர ஊசியில் கண்ணி எளிதில் வழுக்காது என்பதால் தொடக்கத்திற்கு அது நல்லது. முனை மழுக்கப்பட்ட 2 மி.மீ. சைக்கிள் ஆரக்கம்பிகூட மெல்லிய பின்னலுக்கு ஊசியாகும்.

நூல் வெளிர் நிறத்தில், வழவழப்பாக, நடுத்தரப் பருமனில் இருக்க வேண்டும். கறுப்பு நூலில் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியா. முயல் ரோமம் போல் மயிர் நீட்டிய நூலில் பிழையைப் பிரிப்பதும் இயலாது. அழகாக இருக்கிறது என்று இவற்றைத் தேர்ந்தெடுப்பதே தொடங்குவோர் செய்யும் முதல் பிழை. நூல் சிட்டமாக வாங்கப்பட்டால் முதலில் அதை உருண்டையாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். சிட்டத்திலிருந்து நேரடியாகப் பின்னினால் சிக்கு விழும்.

கண்ணி ஏற்றுதல்

ஊசியில் முதல் வரிசைக் கண்ணிகளை உருவாக்குவது கண்ணி ஏற்றுதல் எனப்படும். இதற்குப் பல முறைகள் உள்ளன. பெருவிரலில் நூலைச் சுற்றி ஊசியில் மாட்டும் முறை விரைவானது என்றாலும், அடுத்த வரிசையில் கண்ணிகள் தளர்ந்து தொல்லை தரும். கீழ்க்காணும் முறை சற்று மெதுவானது. ஆயினும் நேர்க்கண்ணியின் அசைவையே இது கற்பித்துவிடுவதால் தொடங்குவோருக்குப் பரிந்துரைக்கத்தக்கது.

நூலின் நுனியிலிருந்து ஒரு சாண் விட்டு, இழுத்தால் இறுகும் சுருக்கு முடிச்சு ஒன்றைப் போட்டு இடது கை ஊசியில் மாட்ட வேண்டும். இதுவே முதல் கண்ணி. வலது கை ஊசியின் முனையை அக்கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக, இடமிருந்து வலமாக நுழைக்க வேண்டும். வலது ஊசி இப்போது இடது ஊசிக்குப் பின்னால் குறுக்காக நிற்கும். உருண்டையிலிருந்து வரும் நூலை வலது ஊசியின் முனையைச் சுற்றி, பின்னிருந்து இரு ஊசிகளுக்கும் நடுவே முன்பக்கம் வருமாறு கொணர வேண்டும். சுற்றிய அந்நூலை வலது ஊசியின் முனையால் பழைய கண்ணி வழியாக முன்னே இழுத்தால் புதிய வளையம் ஒன்று கிடைக்கும். அதை இடது ஊசியில் மாட்டி, நூலை மெல்ல இழுத்துச் சரிசெய்தால் இரண்டாவது கண்ணி அமைந்துவிடும். பயிற்சிக்கு 20 கண்ணிகள் போதும்.

இறுக்கி இழுப்பது தொடங்குவோரின் இயல்பு. கண்ணி ஊசியின் மேல் தாராளமாக நகர வேண்டும். நகர மறுத்தால் கை அச்சத்தில் இருக்கிறது என்று பொருள்.

நேர்க்கண்ணி

கண்ணிகள் நிறைந்த ஊசி இடது கையிலும் வெற்று ஊசி வலது கையிலும் இருக்க வேண்டும். நூல் ஊசிகளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அசைவுகள் நான்கு: நுழைத்தல், சுற்றுதல், இழுத்தல், விடுதல். முதல் மூன்றும் மேலே கூறியவையே. நான்காவது மட்டும் புதியது. இழுத்த வளையத்தை இடது ஊசிக்கு மாற்றாமல் வலது ஊசியிலேயே வைத்துக்கொண்டு, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விட வேண்டும். பழைய கண்ணி அவிழாது. புதிய கண்ணி அதன் வழியாகச் சென்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தொடங்குவோருக்கு நம்பிக்கை வராத இடம் இதுவே. ஒரு முறை மிக மெதுவாகச் செய்து, புதிய கண்ணியின் அடியில் பழையது வளையமாக நிற்பதைக் கண்ணால் பார்ப்பது நல்லது.

வரிசை முடிந்ததும் நிறைந்த ஊசியை இடது கைக்கு மாற்றி மீண்டும் தொடங்க வேண்டும். எல்லா வரிசைகளையும் நேர்க்கண்ணியாகவே பின்னினால் இருபுறமும் வரப்பு வரப்பாகத் தோன்றும் கெட்டியான துணி கிடைக்கிறது. இது கார்ட்டர் பின்னல் எனப்படும். ஒரு வரப்பு இரண்டு வரிசைகளுக்குச் சமம். இத்துணி ஓரம் சுருளாது; மஃப்ளருக்கு ஏற்றது.

நூலை வலது கையில் பிடித்துச் சுற்றுவது ஆங்கில முறை எனவும், இடது ஆள்காட்டி விரலில் ஓட விட்டு ஊசி முனையால் கொத்தி எடுப்பது ஐரோப்பிய முறை எனவும் வழங்கப்படுகின்றன. துணியில் வேறுபாடு இல்லை. கற்பிப்பவர் எம்முறையில் பின்னுகிறாரோ அதுவே கற்பவருக்கு எளிது. இடது கைப் பழக்கம் உள்ளவர்களும் பெரும்பாலும் வழக்கமான திசையிலேயே பின்னக் கற்றுக்கொள்ள இயலும், ஏனெனில் இதில் இரு கைகளுக்கும் வேலை உண்டு.

மறுகண்ணி

மறுகண்ணிக்கு நூலை ஊசிகளின் முன்பக்கம் கொண்டுவர வேண்டும். வலது ஊசியைக் கண்ணிக்குள் வலமிருந்து இடமாக நுழைத்தால் அதன் முனை இடது ஊசிக்கு முன்னால் நிற்கும். நூலை முனையின் மேலாகச் சுற்றி, அவ்வளையத்தைக் கண்ணி வழியாகப் பின்புறம் தள்ளி, பழைய கண்ணியை விட வேண்டும். நேர்க்கண்ணியில் புதிய வளையம் நம்மை நோக்கி வருகிறது; மறுகண்ணியில் நம்மை விட்டு விலகிச் செல்கிறது. வேறுபாடு அவ்வளவே.

துணியின் முன்பக்கம் நம்மை நோக்கி இருக்கும் வரிசையில் நேர்க்கண்ணியும், திருப்பிய பின் வரும் வரிசையில் மறுகண்ணியும் மாறி மாறிப் பின்னினால் முன்பக்கம் முழுவதும் அம்பு முனைகளும் பின்பக்கம் முழுவதும் மேடுகளும் அமையும். பனியனில் கண்ட அதே துணி இது. திருப்பூரில் சிங்கிள் ஜெர்சி எனப்படுகிறது. இதன் பக்க ஓரங்கள் பின்னோக்கியும் மேல் கீழ் ஓரங்கள் முன்னோக்கியும் சுருளும். இது பிழை அன்று, கண்ணியின் இயல்பு. ஒரே வரிசையில் இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு மறுகண்ணி என மாற்றிப் பின்னினால் ரிப் எனப்படும் மீள்தன்மை மிக்க பட்டை கிடைக்கிறது. மணிக்கட்டுப் பட்டைக்கும் குல்லாவின் விளிம்புக்கும் இது பயன்படுகிறது. ரிப் பின்னும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் நூலை இரு ஊசிகளுக்கும் இடையே முன்னும் பின்னும் கொண்டுசெல்ல மறக்கக் கூடாது.

காலுறை போன்று குழாயாகப் பின்னும்போது துணியைத் திருப்புவதே இல்லை. ஆகவே பனியன் துணிக்கு மறுகண்ணி தேவைப்படாது. எகிப்தில் கிடைத்த, ஏறத்தாழ 11 முதல் 14 ஆம் நூற்றாண்டு வரையிலான பழைய பின்னல் காலுறைகள் குழாயாகப் பின்னப்பட்டவை. இத்தாலியின் பீசாவில் 1562 இல் மறைந்த டொலிடோ எலனோராவின் காலுறைகளே மறுகண்ணிக்குக் காலம் உறுதியான மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன.

பிழைகளைப் படித்தல்

20 கண்ணியில் தொடங்கி, பத்து வரிசைக்குப் பின் எண்ணும்போது 23 இருப்பது மிகப் பொதுவான குழப்பம். இதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். வரிசையின் தொடக்கத்தில் நூலை ஊசியின் மேலாகப் பின்னே இழுத்துவிட்டால் முதல் கண்ணியின் இரு கால்களும் இரு கண்ணிகள் போல் தோன்றும். இரண்டிலும் பின்னினால் ஒன்று கூடிவிடும். வரிசையின் நடுவில் நூல் தவறுதலாக முன்னால் இருக்க நேர்க்கண்ணி பின்னினால், ஊசியின் மேல் வெறும் வளையம் ஒன்று ஏறி, அடுத்த வரிசையில் துளையுடன் கூடிய கண்ணியாகும். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் எண்ணுவது சலிப்பானது. ஆயினும் முதல் வாரத்தில் வேறு வழியில்லை.

கண்ணி நழுவினால் அதன் மேலிருந்த குறுக்கு நூல்கள் ஏணிப் படிகள் போல் வரிசையாகத் தெரியும். கண்ணி கீழே கீழே அவிழ்ந்துகொண்டே செல்லும் என்ற அச்சத்தில் பலர் துணியை இழுத்துப் பார்க்கின்றனர். அதனால்தான் அது மேலும் அவிழ்கிறது. துணியைச் சமதளத்தில் வைத்து, அம்பு முனைகள் தெரியும் பக்கத்தைத் திருப்பி, நழுவிய கண்ணிக்குள் குரோசே கொக்கியை முன்னிருந்து செலுத்தி, அதற்கு நேர்மேலே உள்ள முதல் படியைப் பிடித்து முன்னே இழுக்க வேண்டும். அப்படியே ஒவ்வொரு படியாக ஏறி, கடைசிக் கண்ணியை ஊசியில் மாட்டினால் பழுது இருந்த இடமே தெரியாது. கொக்கி செய்வது நேர்க்கண்ணியின் இழுத்தல் அசைவைத்தான் என்பதைக் கவனித்தால், நழுவுதல் பற்றிய அச்சம் நீங்கிவிடும்.

ஊசியில் உள்ள கண்ணியின் வலது கால் ஊசிக்கு முன்னால் நிற்க வேண்டும். இடது கால் முன்னால் நின்றால், மேற்கூறியவாறு பின்னும்போது கண்ணி முறுக்கிக்கொள்ளும். ஊசியிலிருந்து எடுத்துத் திருப்பி மாட்டினால் சரியாகும். வரிசையின் நடுவில் வேலையை நிறுத்தியவர் திரும்ப வந்து எந்த ஊசியை எந்தக் கையில் பிடிப்பது என்று திகைப்பதுண்டு. உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியின் முனைக் கண்ணியிலிருந்து புறப்படுகிறதோ அதுவே வலது கை ஊசி.

முடித்தல்

இரண்டு கண்ணிகளைப் பின்னி, வலது ஊசியில் முதலில் உள்ளதை இரண்டாவதன் மேலாகத் தூக்கி ஊசியிலிருந்து இறக்கிவிட வேண்டும். மேலும் ஒன்றைப் பின்னி, மீண்டும் முந்தையதை அதன்மேல் தூக்கிவிட வேண்டும். கடைசிக் கண்ணி எஞ்சும்போது நூலை ஒரு சாண் விட்டு வெட்டி அதன் வழியாக இழுத்தால் இறுகும். இதற்குத் துணியின் அகலத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நூல் வேண்டும். உருண்டை தீரும் நிலையில் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அளவும் கணக்கும்

முதல் முயற்சியாக ஸ்வெட்டர் தொடங்குவது நல்லதன்று. மஃப்ளரில் அளவு சற்று மாறினாலும் கேடில்லை, ஸ்வெட்டரில் உண்டு. ஒருவர் எவ்வளவு இறுக்கமாகப் பின்னுகிறார் என்பது அவருடைய கையெழுத்தைப் போன்றது. அதை அறிய ஏறத்தாழ 15 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றைப் பின்னி, நனைத்து உலர்த்தி, நடுவில் 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணிகள் உள்ளன என எண்ண வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 10 செ.மீ. இல் 20 கண்ணிகள் எனில் 20 செ.மீ. அகல மஃப்ளருக்கு 40 கண்ணிகள் ஏற்ற வேண்டும். கார்ட்டர் பின்னலில் 10 செ.மீ. உயரத்திற்கு ஏறத்தாழ 40 வரிசைகள் தேவைப்படும். 150 செ.மீ. நீளத்திற்கு 600 வரிசைகள், அதாவது 24,000 கண்ணிகள். நிமிடத்திற்கு 15 கண்ணிகள் பின்னுபவருக்கு ஏறத்தாழ 27 மணி நேரம் ஆகும். கையால் பின்னிய மஃப்ளரின் விலையைப் பேரம் பேசுவோர் இக்கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

ஸ்வெட்டரின் மார்புச் சுற்று 100 செ.மீ. வேண்டும் எனில் இதே அளவில் 200 கண்ணிகள். பின்னுபவரின் கை தளர்ந்து 10 செ.மீ. இல் 18 கண்ணிகளே விழுந்தால் அதே 200 கண்ணிகள் 111 செ.மீ. ஆகிவிடும். சதுரத் துண்டுக்காகச் செலவிடும் ஒரு மணி நேரத்தைத் தவிர்ப்போர் இழப்பது ஒரு மாத உழைப்பை.

பிரித்துப் பின்னுதல்

நெய்த சட்டை சிறியதாகிவிட்டால் அதன் பயன் முடிந்தது. கையால் பின்னிய ஸ்வெட்டரின் நூல் மீண்டும் பயன்படும். ஓரத் தையல்களை முதலில் பிரித்து, முடித்த இடத்திலிருந்து நூலை இழுத்தால் வரிசை வரிசையாக அவிழும். அவிழும் நூலை நாற்காலியின் முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, நனைத்து, சிறு எடை ஒன்றைத் தொங்கவிட்டு உலர்த்தினால் நெளிவுகள் நீங்கும். குளிர்ப் பகுதி வீடுகளில் வளர்ந்த பிள்ளையின் சட்டை அடுத்த பிள்ளையின் குல்லாவாக மாறுவது இவ்வாறே. கடையில் வாங்கும் இயந்திரப் பின்னலாடைகள் பல, துணியாகப் பின்னி வெட்டித் தைக்கப்பட்டவை. அவற்றைப் பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் துண்டு நூலாகவே வரும்.

இயந்திரப் பின்னல்

1589 இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்சயரைச் சேர்ந்த வில்லியம் லீ என்னும் பாதிரியார் காலுறை பின்னும் சட்டக இயந்திரத்தை உருவாக்கினார். ஒரு வரிசைக் கண்ணிகள் அனைத்தையும் ஒரே இயக்கத்தில் இது பின்னியது. கைப்பின்னலாளர்களின் பிழைப்பு கெடும் என்ற காரணத்தால் முதலாம் எலிசபெத் அரசி இதற்குக் காப்புரிமை மறுத்தார் என்று கூறப்படுகிறது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேத்யூ டவுன்செண்ட் உருவாக்கிய தாழ்ப்பாள் ஊசி இயந்திரப் பின்னலை எளிதாக்கியது. திருப்பூரில் வட்டப் பின்னல் இயந்திரங்களில் நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கும் ஊசிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஊசியின் கொக்கி நூலைப் பிடித்துப் பழைய கண்ணி வழியாக இழுக்கும், பழையது நழுவும். நுழைத்தல், சுற்றுதல், இழுத்தல், விடுதல் என்னும் வரிசை இங்கும் மாறுவதில்லை.

பேணுதல்

ஆட்டுக் கம்பளியைச் சுடுநீரில் அலசித் தேய்த்தால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். இதை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர இயலாது. குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் மென்சவர்க்காரம் கலந்து, தேய்க்காமல் அமுக்கித் துவைக்க வேண்டும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, படுக்க வைத்து உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையால் நீண்டுவிடும். பருவமழைக் காலத்தில் வெயிலுக்குக் காத்திராமல் வீட்டினுள் காற்றோட்டமான இடத்தில் விரிப்பது போதுமானது.

ஆடை அந்துப்பூச்சியின் புழுக்கள் கம்பளியில் உள்ள கெராட்டின் என்னும் புரதத்தை உண்கின்றன. வியர்வை படிந்த ஆடையே அவற்றுக்கு விருப்பமானது. ஆகவே கோடைக்கு எடுத்து வைக்கும் முன் துவைத்து நன்கு உலர்த்தி, இறுக மூடிய பையில் இட வேண்டும். பலர் பாச்சை உருண்டை போட்டு வைக்கின்றனர். இதில் நாப்தலீன் இருந்தால் கைக்குழந்தையின் ஆடைகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளில், நாப்தலீன் ஏறிய உடையை அணிவதாலேயே சிவப்பணுக்கள் சிதைந்து கடும் இரத்தச்சோகையும் மஞ்சட்காமாலையும் ஏற்படலாம்.